ஒரு மாதிரி

சனிக்கிழமை மத்தியானம் குளுகோரில்
ஏர்கோன் சொட்டும் மூன்றாம் மாடி வகுப்பு.
பதினாறு தாதியர், இரண்டு மருந்தாளுநர்,
தவறான அறைக்கு வந்து அப்படியே தங்கிவிட்ட ஒருவர்.
மலாயில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுகிறேன்,
நோட்டின் ஓரத்தில் மட்டும் தமிழ்.
'சாம்பிள்' என்றார் டாக்டர் தியோ.
மாதிரி என்று குறித்தேன்.
குறித்ததும் பேனா நின்றது.

ஆயர் ஈத்தாம் கிளினிக்கில்
என் எதிரே கைச்சட்டையைச் சுருட்டி
உட்காருகிறவர்கள் சொல்வது அதைத்தானே:
"ஒரு மாதிரியா இருக்கு, மிஸ்ஸி."
வலியா? "வலின்னு இல்ல."
தலைசுத்தலா? "அப்படியும் இல்ல."
பின்னே?
"ஒரு மாதிரி."
அட்டையில் அதற்குக் கட்டம் கிடையாது.

வீட்டுப்பாடம்:
அவரவர் இடத்து எண்களைப்
பெயர் நீக்கிக் கொண்டுவர வேண்டும்.
நாற்பத்திரண்டு பேரின் மூன்று மாதச் சர்க்கரை.
பெயரை நீக்கிவிட்டேன்.
நரம்பை எப்படி நீக்குவது?
வரிசை ஒன்பதுக்குப் புறங்கையில்தான் ரத்தம் கிடைக்கும்.
வரிசை இருபத்துமூன்று ஊசியைப் பார்க்க மாட்டார்,
சுவரில் தொங்கும் காலண்டரையே பார்ப்பார்.
வரிசை முப்பத்தொன்று, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக் காவலர்,
பதினான்கு புள்ளி ஆறு.

சராசரி எட்டு புள்ளி ஒன்று.
அவரை எடுத்துவிட்டால் ஏழு புள்ளி ஒன்பது.
எட்டுக்குக் கீழே என்றால் சிஸ்டர் நோர்லைலாவுக்கு
மேலிடத்து அறிக்கையில் ஒரு பச்சைப் புள்ளி.
ஒரு மனிதரை அழித்தால் போதும்,
நாற்பத்தொரு பேரும் கொஞ்சம் குணமாகிவிடுவார்கள்.

டாக்டர் தியோ என்னைவிடப் பதினொரு வயது சின்னவர்.
"தூக்குமுன் கேளுங்கள்" என்றார்,
"எழுத்துப் பிழையா, உடம்பா?"
பிழையாக இருக்கட்டும் என்று
வேண்டிக்கொண்டுதான் திங்களன்று பதிவேட்டைத் திறந்தேன்.
என் கையெழுத்து.
அன்றைக்கென்று அவ்வளவு தெளிவு.

அடுத்த நெடுவரிசை, ஆறு மாதம் கழித்து.
முப்பத்தைந்து எண்கள், ஏழு வெற்றிடம்.
வெற்றிடத்தைக் கணினி தாண்டிப் போகிறது,
பள்ளத்தைத் தாண்டுகிற மோட்டார் சைக்கிள் மாதிரி.
விடுபட்டது தற்செயலா என்று பாடம் கேட்கிறது.
ஆம் என்று எழுதினால் வேலை முடிந்தது.

வராதவர்களைக் கூப்பிடுவது என் வேலைதான்,
ஆறு மாதமாகச் செய்யாத வேலை.
ஒரு எண் இப்போது யாருடையதும் இல்லை.
ஒருவர் மகளோடு ஈப்போவுக்குப் போய்விட்டார்.
ஒரு வீட்டில் மகன் எடுத்தான்.
கொஞ்ச நேரம் அவனும் பேசவில்லை, நானும்.
மீதி நால்வரும் சொன்னது ஒரே கிழமை.
சர்க்கரைக்கு எங்கள் கிளினிக்கில் புதன்தான்.
"புதன்ல லீவு போட்டா அலவன்ஸ் போயிரும்"
என்றார் பதினான்கு புள்ளி ஆறு.
உடம்பு எப்படி இருக்கு?
ஷிப்டு மணி அடிப்பது கேட்டது.
"அதான், ஒரு மாதிரி."

பி மதிப்பு பூஜ்யம் புள்ளி பூஜ்யம் எட்டு.
'பொருட்படுத்தத் தக்க வேறுபாடு இல்லை'
என்றுதான் எழுத வேண்டும், எழுதினேன்.
தமிழில் சொல்லிப் பார்த்தேன்.
எந்த வீட்டு வாசலில் நின்று
இந்த வாக்கியத்தைச் சொல்ல முடியும்?
வந்தவர்களை எண்ணிவிட்டு
வராதவர்களுக்கும் சேர்த்துப் பேசுகிற வாக்கியம்.
குறைபாடுகள் என்ற தலைப்பின் கீழ்
ஒரே ஒரு சொல் சேர்த்தேன்: புதன்.
டாக்டர் தியோ அதைப் பென்சிலால் வட்டமிட்டு
பக்கத்தில் கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தந்தார்.

"சனிக்கிழமையும் திறந்தால் என்ன, சிஸ்டர்?"
நோர்லைலா மைலோவைக் கலக்கிக்கொண்டே
பணிப்பட்டியலை ஒருமுறை பார்த்தார்.
"திறக்கலாம்.
சனிக்கிழமை நீதான் இருக்க மாட்டியே."